மெனாஷே பாட்டா குடிக்காத காப்பி

சன்னல் பக்கம் நான் இருந்துக்கிடட்டுமா அக்கா? எனக்கு பஸ்ல தல சுத்தும். பிளேன்ல வரும்போ சுத்தல, இந்த நாரோயில் ரோட்டுல ஏறினாத்தான் சுத்தும். நல்லா இருப்பீங்க. அந்தப் பைய மட்டும் மிதிச்சிராதீங்க, உள்ள ஈச்சம்பழமும் அல்வாவும் இருக்கு. நம்ம அல்வா இல்ல, எள்ளு அரச்சுச் செய்யுறது. பொறுங்க, ஒரு துண்டு தாறேன். தின்னுக்கிட்டே கேளுங்க.

இஸ்ரவேல்லயிருந்து வாறேன். ஹைஃபான்னு ஒரு ஊரு. கீழ கடலு, மேல மலை, நடுவுல வீடுங்க. ஏழு வருஷமா ஒரே வீட்டுல வேல, ஒரு வயசான மனுசனப் பாத்துக்கிடணும். சண்ட நடக்குற ஊருல்லான்னுதானே கேக்க வாறீங்க? விமானத்துல பக்கத்துல இருந்தவனும் அதத்தான் கேட்டான். நடக்குதுதான். ஆனா அதுல ஒண்ண நான் நிறுத்திட்டு வந்திருக்கேன். சிரிக்காதீங்க அக்கா, சத்தியமாத்தான். ஒரு யூதருக்கும் ஒரு அரபிக்காரருக்கும் மூண்ட சண்ட. அத நிறுத்தினது ராஜாக்கமங்கலம் ரூத் லீலாபாய், உங்க பக்கத்துல இருக்கவதான். ஊருக்குப் போன்ல சொன்னேன், எங்க போதகருக்கு ஒரே சந்தோசம். வாற ஞாயித்துக்கெழம ஆராதனையில எந்திரிச்சு நின்னு, ஆண்டவரு என்னயக் கொண்டு செஞ்சதச் சபைக்கு முன்ன சாட்சியாச் சொல்லணுமாம். பொன்னாட வேற போர்த்துறாங்களாம். அதுக்குத்தான் சொல்லிப் பாத்துக்கிடுறேன்னு வச்சுக்கிடுங்களேன், உங்ககிட்ட.

எனக்க பெரியவரு பேரு மெனாஷே. நான் மெனாஷே பாட்டான்னுதான் கூப்பிடுவேன், அவருக்கும் அது பழகிட்டு. எம்பத்தாறு வயசு. யூதரு, ஆனா பொறந்தது பாக்தாத்துல. பதிமூணு வயசுல குடும்பத்தோட அங்கயிருந்து வந்துட்டாங்க, வரும்போ ஆளுக்கு ஒரு பெட்டிதான். வீடு வாசல் எல்லாம் அங்கயே போச்சு. கீழ் வீட்டுல அபு ஜமீல். ஜமீலுக்க அப்பான்னு அர்த்தம். அங்க மூத்த மவன் பேரச் சொல்லித்தான் ஆம்பளைங்களக் கூப்பிடுவாங்க. அவரு அரபி, முஸ்லிம், ஹைஃபாவுலயே பொறந்தவரு. துறைமுகத்துல கிரேன் ஓட்டினவரு. அவங்க அப்பாவுக்கு அதே ஊருல மேட்டுத் தெருவுல பெரிய வீடு இருந்துச்சாம். நாப்பத்தெட்டாம் வருஷச் சண்டையில அதுவும் கைவிட்டுப் போயிட்டு.

தெனம் சாயங்காலம் நாலு மணிக்கு அபு ஜமீல் மேல ஏறி வருவாரு. ரெண்டு பேரும் ஷெஷ்பெஷ் ஆடுவாங்க. பகடைய உருட்டிக் காய நகத்துற ஆட்டம், நம்ம தாயம் மாதிரி, ஆனா கூச்சல் நூறு மடங்கு. ஆட்டத்துக்கு நடுவுல இல்லாத வீட்டுக்குப் பெரும பேசணும், அது கட்டாயம்.

"எங்க பாக்தாத் வீட்டுக்குப் பதினாலு சன்னலு. ஆத்தப் பாத்து மட்டும் ஏழு"ம்பாரு பாட்டா.

"எங்க வீட்டுக்குப் பதினாறு"ம்பாரு அபு ஜமீல்.

"போன வாரம் பன்னெண்டுதானே இருந்துச்சு?"

"உங்க ஆளுங்கதான் அதுல குடியிருக்காங்க. போயி எண்ணிட்டு வா."

"நீ எனக்க பாக்தாத்துல போயி எண்ணிட்டு வா, பெறகு நான் எண்ணுறேன்."

அதோட பகடை உருளும். டி.வி.ல செய்தி வந்தா ரெண்டு பேரும் எந்திரிச்சு நின்னு சண்ட போடுவாங்க. ஒருத்தரு உங்க மந்திரிம்பாரு, ஒருத்தரு உங்க ஆளுங்கம்பாரு. நான் ஆரம்பத்துல கத்தி கித்தி எல்லாம் எடுத்து ஒளிச்சு வைப்பேன். செய்தி முடிஞ்சதும் பாட்டா கேப்பாரு, "உனக்கு எத்தன விழுந்துச்சு, அஞ்சா ஆறா?" நாப்பது வருஷமா இப்பிடியேதான். யாரு பக்கம் நியாயம்னு எங்கிட்டக் கேக்காதீங்க அக்கா. ரெண்டு வீட்டுச் சோறும் தின்னவ நான்.

பாறசாலை தாண்டிட்டா? சரி.

இப்பம் கருவாட்டுக்கு வாறேன். அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல, இருந்தாலும் சொல்லிட்டா உங்களுக்கு விளங்கும். ஏழு வருஷம் கருவாடு இல்லாம ஒரு மனுசி எப்பிடி இருப்பா? அங்க துறைமுகத்துல நெத்திலி மலிவு. வாங்கி உப்பு போட்டு மொட்ட மாடியில காயப் போட்டேன். நாலாம் மாடிக்காரி, என்னய வேலைக்கு அனுப்பின ஏஜென்சிக்குப் புகார் எழுதிட்டா. கட்டடத்துக்குள்ள ஏதோ செத்துக் கிடக்குன்னு எழுதியிருக்கா, அக்கா. செத்துக் கெடந்தா நான் தின்னுவேனா? ஏஜென்சிக்காரி வந்து, இன்னொரு புகார் வந்தா வேற ஊருக்கு மாத்திருவோம்னு சொல்லிட்டுப் போனா. பாட்டாவுக்க மவ ஓர்னாவும் டெல் அவீவ்லயிருந்து போன்ல சாடினா.

நான் என்ன செஞ்சேன்? யாருக்கும் தொந்தரவு வேண்டாம்னு கருவாட்டக் கொண்டு கீழ பதுங்கு அறையில வச்சேன். அங்க ஒவ்வொரு கட்டடத்துக்கும் அடியில ஒரு பதுங்கு அறை உண்டு. கனத்த சுவரு, இரும்புக் கதவு. சைரன் கேட்டா ஒரு நிமிசத்துக்குள்ள ஓடி உள்ள போயிரணும். எங்க கட்டடத்துக்குப் பாட்டாதான் செயலாளரு, அந்த அறையும் அவரு பொறுப்பு. அப்பம் ரொம்ப நாளா சைரனே இல்ல. கதவு சரியாச் சாத்தாது. ஹைஃபாவுல மனுசன விட பூன ஜாஸ்தி. கருவாட்ட வச்சுட்டு கதவத் தொறந்து போட முடியுமா? எங்கிட்ட நம்ம திண்டுக்கல் பூட்டு ஒண்ணு இருந்துச்சு. பெட்டிக்குன்னு ஊர்லயிருந்து கொண்டு போனது, ரெண்டு கை சேத்துப் பிடிக்கணும், அவ்வளவு கனம். அதப் போட்டேன். அவ்வளவுதான். பூனைக்குப் போட்ட பூட்டு அது.

அந்த வாரம் பாத்து வடக்கேயிருந்து ராக்கெட் வர ஆரம்பிச்சுட்டு. செவ்வாக்கெழம நானும் பாட்டாவும் கண்ணு காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். சாவி எனக்க கைப்பையில. அந்த நேரம் பாத்து சைரன் அடிச்சிருக்கு, மத்த வீட்டுக்காரங்க எல்லாம் வேலைக்குப் போயிருக்காங்க. அபு ஜமீலும், அவருக்க பெண்சாதி உம்மு ஜமீலும், மருமவளும், ஆறு வயசுப் பேத்தி லமீஸும் கீழ ஓடியிருக்காங்க. போனா கதவுல பூட்டு. இழுத்துப் பாத்திருக்காங்க, இடிச்சுப் பாத்திருக்காங்க, கதவு இடுக்கு வழியா வாசம்தான் வெளிய வந்திருக்கு. திண்டுக்கல் பூட்டுல்லா, அசையுமா? பெறகு படிக்கட்டுக்கு அடியில போயி ஒண்டியிருக்காங்க. ராக்கெட் எங்கயோ தள்ளி விழுந்துட்டு, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். உம்மு ஜமீல் படியில சறுக்கி விழுந்து கைமணிக்கட்டு முறிஞ்சுட்டு.

நாங்க திரும்பி வந்தப்பம் அபு ஜமீல் வாசல்லயே நிக்காரு. கத்தல. கத்தியிருந்தாக் கூட நல்லா இருந்திருக்கும். மெதுவாக் கேட்டாரு. "மெனாஷே, நாப்பது வருஷம் உங்கூட உக்காந்திருக்கேன். எனக்க பேத்திக்கு அந்த அறையில எடமில்லன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. பூட்டு எதுக்கு?"

பாட்டா வாயத் தொறந்தாரு. என்னயப் பாத்தாரு. எனக்க கைப்பையப் பாத்தாரு. திரும்ப வாய மூடிட்டாரு.

நான் என்னத்தச் சொல்லுவேன்? இன்னொரு புகார்னா என்னய மாத்திருவாங்க. என்னய மாத்தினா ஓர்னா பாட்டாவ முதியோர் இல்லத்துல கொண்டு விட்டுருவா. அவருக்கு மருந்து கொடுக்கத் தெரியுமா அவங்களுக்கு? அவருக்கு முட்டை எப்பிடி வெந்தா இறங்கும்னு தெரியுமா? அதனால பாட்டாவ நெனச்சுத்தான் நான் பேசல, பாத்துக்கிடுங்க. அன்னைக்கே யாரும் பாக்காம கீழ போயி பூட்டக் கழட்டி, கருவாட்டத் தூக்கி எனக்க கட்டிலுக்கு அடியில வச்சுட்டேன். பிரச்சனை முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

ஆனா நாலு மணிக்கு அபு ஜமீல் வரல. அடுத்த நாளும் வரல. பத்தொம்பது நாளு, அக்கா. பாட்டா நாலு மணிக்குப் பலகைய விரிச்சு வைப்பாரு, காய அடுக்குவாரு, கதவப் பாத்துக்கிட்டே இருப்பாரு, அஞ்சு மணிக்கு மடக்கி வைப்பாரு. சாப்பாடு பாதியாயிட்டு. நான் கூட இருந்து ஆடிப் பாத்தேன். எனக்கு பன்னெண்டு விழுந்து ஜெயிச்சப்பம், "நீ ஆடுறது ஆட்டமே இல்ல, நீ சண்ட போட மாட்டேங்குற"ன்னு சொல்லிட்டாரு. ரெண்டு ஆம்பளைங்க இப்பிடி முறுக்கிக்கிட்டு நின்னா என்ன செய்ய? அந்த ஊருல எல்லாருக்கும் அந்த முறுக்கு உண்டு. யாராவது ஒருத்தரு எறங்கி வந்து, ஆமா எனக்க தப்புதான்னு சொல்லிட்டா எவ்வளவு நல்லா இருக்கும். சொல்ல மாட்டாங்க.

அப்பந்தான் அந்த வெள்ளிக்கெழம திரும்ப சைரன். பாட்டாவத் தாங்கிப் பிடிச்சுக் கீழ கொண்டு போயி உள்ள உக்கார வச்சேன். கட்டடமே உள்ள வந்துட்டு, நாலாம் மாடிக்காரி மூக்கப் பொத்திக்கிட்டு இருக்கா. கருவாடு போயிட்டு, வாசம் போகலல்லா. அபு ஜமீல் வீட்டுக்காரங்க மட்டும் வரல. எட்டிப் பாக்கேன், படிக்கட்டுக்கு அடியில நாலு பேரும் இருக்காங்க. லமீஸ் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, கண்ணையும் மூடிக்கிட்டு. நான் ஓடிப் போயி கையப் பிடிச்சு இழுத்தேன், "உள்ள வாங்க, உள்ள வாங்க"ன்னு.

அபு ஜமீல் அசையல. "பூட்டினவங்க வந்து கூப்பிடட்டும், வாறோம்"னு சொல்லிட்டாரு.

அன்னைக்கு எனக்கு வந்த பயம் உங்களுக்குச் சொல்லி விளங்காது. எனக்காக இல்ல. அடுத்த தடவ பக்கத்துல விழுந்து, அந்த வாசல் கண்ணாடி வெடிச்சு, அந்தப் பிள்ள மேல கொட்டினா? ராத்திரி முழுக்க ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, இந்த ரெண்டு பேரையும் எப்பிடியாவது சேத்து வையும்னு. காலம்பற வழி தெரிஞ்சுட்டு. பாட்டாகிட்டப் போயி, "பூட்டினவங்க வந்து கூப்பிட்டா வருவாங்களாம். நீங்கதானே செயலாளரு. போங்க, போயி பேசுங்க, பிடிவாதத்த விடுங்க"ன்னு நல்லா ஏசிட்டேன்.

பாட்டா என்னயவே பாத்துக்கிட்டு இருந்தாரு. ரொம்ப நேரம். எனக்க முகத்துல ஏதோ ஒட்டியிருக்குன்னு தொடச்சுக்கிட்டேன். பெறகு சொன்னாரு, "சரி ரூத், போவோம். ஆனா நீயும் கூட வரணும். எனக்குப் பக்கத்துல உக்காரணும்."

அதுதான் திருப்பம், அக்கா. நான் சொல்லித்தான் போனாரு. மார்த்தாண்டமா இது? என்ன கூட்டம், சாமி.

சும்மா போயி கதவத் தட்டுற விஷயம் இல்ல அது. அரபிக்காரங்ககிட்ட சண்ட தீக்குறதுக்கு ஒரு முறை இருக்கு. தப்புப் பண்ணினவன் தனியாப் போகக் கூடாது, நாலு பெரியவங்களக் கூட்டிக்கிட்டுப் போகணும். பாட்டாவுக்கு அது பாக்தாத்துலயே தெரியும். தெருவுல முடி வெட்டுறவரு, மீன்கடை ஹாஜி, ரிட்டையர் ஆன வாத்தியாரு ரெண்டு பேரு, எல்லாருக்கும் போன் போட்டாரு. அன்னைக்கு சனிக்கெழம, சாயங்காலமே போறதுன்னு முடிவாச்சு. பாட்டா கல்யாணக் கோட்ட எடுத்துப் போட்டாரு. நான் பட்டுச் சேல உடுத்தினேன். வெறுங்கையோட போகக் கூடாதுல்லா, கருவாட்டுக் கொழம்பு வச்சு ஒரு தூக்குவாளி நெறைய எடுத்துக்கிட்டேன். தேங்கா அரச்சு, மாங்கா போட்டு, நம்ம பக்குவத்துல.

அபு ஜமீல் வீட்டு முன் அறையில எல்லாரும் வரிசையா உக்காந்தோம். உம்மு ஜமீல் கையில கட்டோட ஓரமா இருந்தா. மருமவ தட்டுல காப்பி கொண்டு வந்தா. அந்தக் காப்பி எப்பிடின்னா, கைப்பிடி இல்லாத சின்னக் கோப்ப, பால் கெடையாது, சீனி கெடையாது, கரி மாதிரி இருக்கும். எல்லாரும் வாங்கிக் கீழ வச்சாங்க.

பாட்டா எந்திரிச்சாரு. கோல ஊனிக்கிட்டு நின்னாரு. "அபு ஜமீல், பூட்டு எனக்க பொறுப்பு. நான்தான் பூட்டினேன். எதுக்குப் பூட்டினேன்னு கேட்டா எனக்கே நல்ல பதில் இல்ல. உனக்க பெண்சாதிக்கு வந்த வலியும், உனக்க பேத்திக்கு வந்த பயமும் எனக்க தலையில. மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்"னாரு.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு அக்கா. அதே நேரம் ஒரு சங்கடமும் வந்துட்டு. ஏன்னா பூட்டினது அவரு இல்லல்லா. வயசாயிட்டு, பாவம், மறதி. பூட்டினது தான்னு நெனச்சுக்கிட்டாரு. நான் திருத்தியிருக்கலாம்தான். ஆனா நாலு பெரிய மனுசங்க முன்ன, ஒரு வயசான மனுசன, உங்களுக்குப் புத்தி தடுமாறுதுன்னு சொல்ல முடியுமா? மரியாதையா அது? பேசாம இருந்துட்டேன்.

பாட்டா முன்ன காப்பி ஆறுது. யாருமே கோப்பையத் தொடல. வந்த வீட்டுல குடுத்த காப்பியக் குடிக்காம வச்சா அவங்க என்ன நெனப்பாங்க? நம்ம ஊருலன்னா அதுக்கே ஒரு தல வெட்டு விழும். பாட்டாவக் குடிக்கச் சொல்லவும் முடியாது, டாக்டரு காப்பி கூடவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு. சட்டுன்னு ஒரு யோசன வந்துச்சு. பாட்டாவுக்க கோப்பைய எடுத்தேன். ஒரே மூச்சுல நானே குடிச்சேன். குடிச்சுட்டு, "நல்ல காப்பி"ன்னும் சொன்னேன்.

முடி வெட்டுறவரு கண்ணு வெளிய வந்துட்டு. ஹாஜி தாடியப் பிடிச்சுக்கிட்டாரு.

எனக்கு அப்பம் தெரியாது, பெறகுதான் சொன்னாங்க. மன்னிப்புக் கேட்டு வந்தவங்க காப்பியத் தொட மாட்டாங்களாம். வீட்டுக்காரன் "மன்னிச்சேன், குடி"ன்னு சொன்ன பெறகுதான் தப்புப் பண்ணினவன் கோப்பைய எடுக்கணுமாம். அவன் குடிச்சா அதோட சண்ட தீந்துது, அப்புறம் அதப் பத்தி யாரும் பேசக் கூடாது. நான் அதுக்கு முந்தியே குடிச்சு வச்சுட்டேன்.

உம்மு ஜமீல்தான் முதல்ல எந்திரிச்சா. நேரா எங்கிட்ட வந்தா. குனிஞ்சு எனக்க சேலைய மோந்தா. பெறகு தூக்குவாளி மூடியத் தொறந்து மோந்தா. திரும்பிப் போயி புருசன் காதுல என்னமோ சொன்னா. எபிரேயப் பேச்சு எனக்குப் பழகிட்டு, அரபிதான் அவ்வளவு தெரியாது. பதுங்கு அறைன்னு ஒரு வார்த்த மட்டும் காதுல விழுந்துச்சு. அபு ஜமீல் என்னயப் பாத்தாரு, பாட்டாவப் பாத்தாரு. பாட்டா கூரையில தொங்குற விளக்கையே பாத்துக்கிட்டு நிக்காரு, அங்க ஏதோ எழுதியிருக்க மாதிரி.

அப்பம் அபு ஜமீலுக்கு ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க. வயித்தப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர. "மெனாஷே, நாப்பது வருஷமா உனக்குப் பொய் சொல்லத் தெரியல. பகடையில தோக்கும்போ வைக்கிற அதே முகத்தத்தான் இப்பமும் வச்சிருக்க"ன்னாரு. பெறகு ஹாஜியப் பாத்து, "குடிக்க வேண்டிய ஆளுதான் குடிச்சிருக்கு. தீந்துது. மன்னிச்சாச்சு"ன்னாரு. எந்திரிச்சு வந்து பாட்டாவக் கெட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. ரெண்டு கெழவங்களும் கொஞ்ச நேரம் அழுதாங்க. லமீஸ் வந்து எனக்க மடியில ஏறி உக்காந்துக்கிட்டா.

பாத்தீங்களா? என்னயத்தான் அப்பிடிப் பெருமையாச் சொன்னாரு, குடிக்க வேண்டிய ஆளுன்னு. சண்டையச் சேத்து வச்சவளுக்குத்தானே மரியாத? கருவாட்டுக் கொழம்ப அன்னைக்கே தொடச்சுத் தின்னுட்டாங்க. ஹாஜி ரெண்டு தடவ வாங்கினாரு. ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு அபு ஜமீல் மேல வந்தாரு. "எங்க வீட்டுக்குப் பதினெட்டு சன்னலு"ன்னாரு. பாட்டா முழுச் சாப்பாடு சாப்பிட்டாரு. பெறகு சைரன் அடிச்சப்பம் எல்லாரும் உள்ளதான் இருந்தோம். கீழயும் பலகைய விரிச்சுட்டாங்க.

சுங்கான்கடை வந்துட்டா? அப்பம் பக்கத்துலதான்.

இதக் கேளுங்க. லீவுக்குக் கெளம்பும்போ அபு ஜமீல்கிட்டக் கேட்டேன், "ஊர்லயிருந்து உங்களுக்கு என்ன வாங்கிட்டு வர?" "எது வேணும்னாலும் வாங்கிட்டு வா ரூத், பூட்டு மட்டும் வேண்டாம்"னாரு. அவரும் பாட்டாவும் சிரிச்ச சிரிப்புல பலகை கவுந்து காய் எல்லாம் தரையில கொட்டிப் போச்சு. அதுல என்ன சிரிப்பு? பூட்டு எங்கிட்டதான் பத்திரமா இருக்கு, அவங்களுக்கு எப்பிடித் தெரியும், இல்லியா?

நீங்க எதுக்கு அக்கா சிரிக்கிறீங்க?

என்னது? பாட்டாவுக்கு மறதி உண்டான்னா? உண்டே. எம்பத்தாறு வயசுல்லா. மாத்திர நேரமெல்லாம் அவரே சரியாச் சொல்லிருவாரு, அது வேற. நாப்பது வருஷத்துக்கு முந்தின ஆட்டத்துல கடைசிப் பகடை என்ன விழுந்துச்சுன்னு சொல்லுவாரு. பாக்தாத் வீட்டுச் சன்னலு என்னைக்குமே பதினாலுதான், ஒண்ணு கூடாது, கொறையாது. எனக்க மவ பொறந்தநாளு எனக்கே மறந்து போகும், அவரு ஞாபகப்படுத்துவாரு. மறதின்னு பாத்தா... இந்தப் பூட்டு ஒண்ணுதான்.

இது ஒண்ணுதான் மறந்திருக்காரு.

அடப் பாவி மனுசா.

ஒண்ணும் இல்லக்கா, கண்ணுல தூசி. வடசேரி வந்துட்டு, அந்தப் பைய இப்பிடித் தாங்க. இப்பம் அங்க நாலு மணி இருக்கும், ரெண்டு பேரும் உக்காந்திருப்பாங்க. எறங்கின உடனே ஒரு போன் போடணும். அந்தக் காப்பி அவ்வளவு கசப்புக்கா, ஆனா அடி மண்டி வரைக்கும் குடிச்சேன், அது போதும்லா? போதாது போல. ஞாயித்துக்கெழம சாட்சிய ஜெபத்துலயிருந்து தொடங்கணும்னு எழுதி வச்சிருந்தேன். அத மாத்தணும். கருவாட்டுலயிருந்துதான் தொடங்கணும்.